அடுத்தது யார்?

1974 ஜூன் 26. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஷ்டாட் என்றொரு தனியார் வங்கி. வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்றதில் கைமீறி நஷ்டப்பட்டிருந்தது. அன்றைய வேலை நேரம் முடிகிற தறுவாயில் அதிகாரிகள் அதன் உரிமத்தைப் பறித்துக் கதவை மூடினார்கள். கொலோனில் மாலையான அந்த நேரம் நியூயார்க்கில் காலை பத்தரைதான். அன்று பகலில் பல வங்கிகள் ஹெர்ஷ்டாட்டுக்கு ஜெர்மன் மார்க்கைக் கட்டிவிட்டு, அதற்கு ஈடான டாலர் நியூயார்க்கில் வந்து சேரும் என்று காத்திருந்தன. மார்க் போய்விட்டது. டாலர் வரவில்லை. நியூயார்க்கில் ஹெர்ஷ்டாட்டின் டாலர் கணக்கை வைத்திருந்த சேஸ் மன்ஹாட்டன் வங்கி, அந்தக் கணக்கிலிருந்து பணம் போவதை நிறுத்திவிட்டது.

பணத்தை இழந்தவர்கள் தலையில் கைவைத்ததில் ஆச்சரியமில்லை. அந்த வங்கியோடு கொடுக்கல் வாங்கலே இல்லாதவர்கள் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். 'அவன் கட்டட்டும், அப்புறம் நான் கட்டுகிறேன்' என்று ஒவ்வொரு வங்கியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அடுத்த சில நாட்களில் நியூயார்க்கில் வங்கிகளுக்கிடையே கைமாறிய பணம் பாதிக்கும் மேல் குறைந்தது. இத்தனைக்கும் ஹெர்ஷ்டாட், சொத்து மதிப்பில் ஜெர்மனியின் 35ஆவது வங்கி. ஜெர்மனிக்கு வெளியே பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

வங்கி திவால்களைப் பற்றி எவ்வளவு படித்தாலும் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இந்தச் சம்பவம்தான். ஒரு வங்கி விழும்போது அதில் போகிற பணத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கோடிகளில் சொல்லிவிடலாம். உலகச் சந்தையைக் குலைப்பது அந்தத் தொகை அல்ல. யாருக்கு எவ்வளவு போயிற்று, அடுத்தது யார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாத அந்தச் சில மணி நேரம், சில நாட்கள்தான் சந்தையைக் குலைக்கின்றன.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2010ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் 157 வங்கிகள் மூடப்பட்டன. உலகச் சந்தைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏனென்றால் அவை பெரும்பாலும் சிறிய உள்ளூர் வங்கிகள். நோய் என்னவென்று முன்பே தெரியும். வெள்ளிக்கிழமை மாலை அரசின் வைப்புக் காப்பீட்டு அமைப்பு வந்து பூட்டும், திங்கட்கிழமை காலை அதே கட்டடம் பெரும்பாலும் இன்னொரு வங்கியின் பெயரில் திறக்கும். 1995இல் பேரிங்ஸ் விழுந்த கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். இங்கிலாந்தின் மிகப் பழைய வணிக வங்கி அது. சிங்கப்பூரில் நிக் லீசன் என்ற ஒரே ஊழியரின் வர்த்தகத்தில் 82.7 கோடி பவுண்ட் நஷ்டம். திங்கட்கிழமை டோக்கியோ சந்தை பலமாக விழுந்தது. ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது, அது அந்த ஒரு வங்கியின் ஓட்டைதான் என்பதும் தெரிந்துவிட்டது. ஐஎன்ஜி என்ற டச்சு நிறுவனம் ஒரு பவுண்ட் விலைக்கு அதை எடுத்துக்கொண்டது. உலகம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

அப்படியென்றால் சில வங்கிகள் மட்டும் ஏன் ஊரையே இழுத்துக்கொண்டு விழுகின்றன? அதற்கு வங்கியின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் போடும் பணம் எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்பது வங்கி நமக்குத் தரும் வாக்கு. அந்தப் பணத்தை அது பத்து வருட, இருபது வருடக் கடனாக வெளியே கொடுத்து வைத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் முழு வண்டியும் ஓடுகிறது. நன்றாக நடக்கிற வங்கிகூட, அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து நின்றால் தாங்காது. அதனால்தான் வதந்திகூட வங்கியைக் கொல்லும். மளிகைக் கடைக்கோ தொழிற்சாலைக்கோ இந்த ஆபத்து கிடையாது.

2023 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தொழில்நுட்ப நிறுவனங்களில் முதலீடு கொட்டிய காலத்தில் அந்த நிறுவனங்கள் பணத்தை இங்கேதான் போட்டு வைத்தன. 2019 கடைசியில் சுமார் 6,200 கோடி டாலராக இருந்த வைப்புத்தொகை, இரண்டே வருடத்தில் சுமார் 18,900 கோடி டாலராக ஊதிவிட்டது. இவ்வளவு பணத்துக்குக் கடன் கேட்க ஆள் இல்லை. ஆகவே வங்கி நீண்ட கால அரசுப் பத்திரங்களையும், அரசு ஆதரவுள்ள வீட்டுக்கடன் பத்திரங்களையும் வாங்கிக் குவித்தது. பத்திரங்கள் மோசமானவை அல்ல. கடைசி வரை வைத்திருந்தால் முழுப் பணமும் திரும்ப வரும். ஆனால் வாங்கிய காலத்தில் வட்டி அடிமட்டத்தில் இருந்தது. 2022 மார்ச்சுக்குப் பிறகு ஒரே வருடத்துக்குள் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து நாலரை சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. புதிய பத்திரம் நாலு சதவீத வட்டி தரும்போது, ஒன்றரை சதவீதம் தருகிற பழையதை முழு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? பழைய பத்திரங்களின் சந்தை விலை இறங்கிக்கொண்டே போனது. விற்காத வரை அந்த நஷ்டம் கணக்குப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 8, புதன்கிழமை மாலை அது விழித்துக்கொண்டது. சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்றுவிட்டதாகவும், அதில் 180 கோடி டாலர் நஷ்டம் என்றும், ஈடுகட்ட 225 கோடி டாலர் புதிய மூலதனம் திரட்டப் போவதாகவும் வங்கி அறிவித்தது. நாங்கள் பலமாக இருக்கிறோம் என்று சொல்வதற்காக வந்த அறிவிப்பு அது. கேட்டவர்களுக்கு அது வேறு மாதிரி கேட்டது. வைப்புக் காப்பீடு ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைதான். இங்கிருந்த தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்த வரம்பைத் தாண்டியது. அந்தப் பணம் எல்லாம் ஒருவரையொருவர் தெரிந்த ஒரு சின்ன வட்டாரத்தின் பணம். வியாழக்கிழமை ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாளைக்கு இன்னும் 10,000 கோடி டாலர் எடுக்க உத்தரவுகள் வரிசையில் நின்றன. வெள்ளிக்கிழமை வங்கி மூடப்பட்டது. 2008இல் வாஷிங்டன் மியூச்சுவல் வங்கி விழுந்தபோது சுமார் பத்து நாளில் 1,670 கோடி டாலர் போனதைத்தான் பெரிய ஓட்டம் என்று எழுதினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் விஷயம். சிலிக்கான் வேலி வங்கிக்குப் பெரிய வெளிநாட்டுத் தொடர்புகள் இல்லை. அதன் நஷ்டம் ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ யார் கணக்கிலும் பெரிதாக விழவில்லை. ஆனால் அந்த அடிக்குறிப்பு எல்லோர் கண்ணிலும் விழுந்தது. 'இவர்களிடம் இருந்தால் மற்றவர்களிடமும் இருக்குமே' என்று உலகம் முழுவதும் வங்கிகளின் கணக்கைப் புரட்ட ஆரம்பித்தார்கள். இருக்கத்தான் செய்தது. 2022 கடைசியில் அமெரிக்க வங்கிகளிடம் மொத்தமாக 62,000 கோடி டாலர் அளவுக்கு இப்படி விற்காத நஷ்டம் இருந்ததாக வைப்புக் காப்பீட்டு அமைப்பே கணக்குச் சொல்லியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் சிக்னேச்சர் வங்கி மூடப்பட்டது. டோக்கியோவிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் வங்கிப் பங்குகள் சரிந்தன. லண்டனில் இருந்த சிலிக்கான் வேலி வங்கியின் கிளை நிறுவனத்தை எச்எஸ்பிசி ஒரு பவுண்டுக்கு வாங்கியது. ஒரு டாலருக்குச் சமமாகவே நிற்கும் என்று சொல்லி விற்கப்பட்ட யுஎஸ்டிசி என்ற டிஜிட்டல் நாணயம் 90 சென்டுக்குக் கீழே போனது. அதை வெளியிடும் சர்க்கிள் நிறுவனத்தின் 330 கோடி டாலர் அந்த வங்கியில் மாட்டியிருந்ததுதான் காரணம்.

பங்கைவிடப் பெரிய ஆட்டம் பத்திரச் சந்தையில். அமெரிக்க அரசின் இரண்டாண்டுப் பத்திரம் தரும் வருமானம் மார்ச் 8 அன்று 5 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 13ஆம் தேதி 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அன்று ஒரு நாள் இறக்கம் மட்டும், 1987 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு காணாத அளவு. அரசுப் பத்திரத்துக்குள் ஓடி ஒளியும் கூட்டம் ஒரு பக்கம், இனி வட்டியை ஏற்ற முடியாது என்று கணக்குப் போட்ட கூட்டம் இன்னொரு பக்கம். வீட்டுக்கடன் முதல் நிறுவனக் கடன் வரை உலகில் பல விலைகள் இந்தப் பத்திர வருமானத்தைப் பார்த்துத்தான் நிர்ணயமாகின்றன. அளவுகோலே ஆடினால் அளக்கப்பட்டது எதுவும் நிலையாக நிற்காது.

இந்தப் பீதி நடைமுறையில் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க, ஏதாவது ஒரு பெரிய வங்கியின் கருவூலப் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பட்டியல் இருக்கும். இந்த வங்கிக்கு இவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், அந்த வங்கிக்கு அவ்வளவு வரை என்று பெயருக்கு எதிரே ஒரு வரம்பு, அவர்கள் பாஷையில் 'லிமிட்'. சாதாரண நாட்களில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை. காலையில் பணம் மிஞ்சியவர் கொடுப்பார், குறைந்தவர் வாங்குவார், மறுநாள் திரும்பிவிடும். ஒரு வங்கி விழுந்த மறுநாள் காலை, இடர்ப் பிரிவிலிருந்து ஒரு வரி வரும்: இன்னின்ன பெயர்களுக்கு லிமிட்டைப் பாதியாக்குங்கள். மூன்று மாதத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள். மதியம் இன்னொரு வரி: ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம். இதில் யாரும் தப்புச் செய்யவில்லை. அவரவர் தம் வங்கியைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் நூறு வங்கிகள் ஒரே காலையில் இதையே செய்தால், அன்று மாலை கடன் புரட்ட முடியாத நூற்றொன்றாவது வங்கி ஒன்று இருக்கும். அது நல்ல வங்கியாகவும் இருக்கலாம்.

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தபோது இந்தப் பட்டியல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. 63,900 கோடி டாலர் சொத்து, 61,300 கோடி டாலர் கடன் என்று மனுவில் இருந்தது. அதை வங்கி என்று சொன்னாலும் பொதுமக்கள் டெபாசிட் போடும் இடமல்ல அது. சந்தையில் தினம் தினம் கடன் வாங்கிப் பிழைத்த முதலீட்டு வங்கி. அதன் குறுகிய காலக் கடன் பத்திரங்களை யார் வைத்திருந்தார்கள் என்று ஒரு நாளில் தெரிந்தது. ரிசர்வ் பிரைமரி என்ற பணச் சந்தை நிதி, 78.5 கோடி டாலர் அளவுக்கு. 6,000 கோடி டாலருக்கு மேல் நிர்வகித்த நிதிக்கு இது சுமார் ஒரு சதவீதம்தான். ஆனால் வங்கிக் கணக்கு மாதிரியே பாதுகாப்பானது, போட்ட டாலர் டாலராகவே இருக்கும் என்று நம்பி மக்கள் வைத்திருந்த பணம் அது. செப்டம்பர் 16 அன்று அதன் மதிப்பு 97 சென்ட் என்று அறிவித்தார்கள். மூன்று சென்ட் குறைந்ததற்காக அந்த வகை நிதிகளிலிருந்தெல்லாம் பணம் ஓட ஆரம்பித்தது. இந்த நிதிகள் கொடுத்த குறுகிய காலக் கடனில்தான் பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துக்கொண்டும், சரக்கு வாங்கிக்கொண்டும் இருந்தன. ஒரு முதலீட்டு வங்கியின் வீழ்ச்சி தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலைத் தொடுவதற்கு இரண்டே நாள் போதுமானதாக இருந்தது.

அதே 15ஆம் தேதி காலையில் ஜெர்மன் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ, முன்பே போட்ட நாணய ஒப்பந்தப்படி 30 கோடி யூரோவுக்கு மேல் லேமனுக்கு அனுப்பிவிட்டது. செய்தி வந்தாகிவிட்டது, யாரும் நிறுத்தவில்லை. ஹெர்ஷ்டாட் நடந்து 34 வருடம் கழித்து, அதே மாதிரிப் பணம், அதே மாதிரி ஒருவழிப் பயணம். லண்டனில் இன்னொரு கதை. லேமனின் லண்டன் நிறுவனத்திடம் பங்குகளையும் பத்திரங்களையும் ஒப்படைத்திருந்த முதலீட்டு நிதிகள், அவை தங்களுடையவை என்றுதான் நினைத்திருந்தன. ஒப்பந்தத்தின் ஒரு பிரிவைப் பயன்படுத்தி லேமன் அவற்றை வேறு இடங்களில் அடமானம் வைத்திருந்தது. எது எங்கே இருக்கிறது என்று பிரித்தெடுக்கவே வருடக்கணக்கில் ஆயிற்று. பல வருடம் கழித்து லண்டன் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு முழுப் பணமும் வந்து, மிச்சமும் இருந்தது! முழுசாக வரப்போகிற பணத்துக்காகத்தான் 2008 அக்டோபரில் அத்தனை நிதிகள் மூச்சுமுட்டின. கைக்கு எப்போது வரும் என்று தெரியாத பணம், சந்தையில் இல்லாத பணத்துக்குச் சமம்.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. லேமன் கடனைத் திருப்பித் தராவிட்டால் ஈடு தருகிறோம் என்று உலகம் முழுவதும் பல நிறுவனங்கள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்திருந்தன. ஒரு வகைக் கடன் காப்பீடு என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 40,000 கோடி டாலர் இருக்கும் என்று சந்தையில் பேச்சு. யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் தாங்குவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அக்டோபர் 10 அன்று லேமன் பத்திரங்களுக்கு ஏலம் நடந்து, ஒரு டாலருக்கு 8.625 சென்ட் என்று விலை முடிவானது. அந்த வாரம் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 18 சதவீதம் விழுந்தது. அதன் வரலாற்றில் அதைவிட மோசமான வாரம் இல்லை. பிறகு அக்டோபர் 21 அன்று கொடுப்பதையும் வாங்குவதையும் கழித்துக் கணக்கு முடித்தபோது, இந்த ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் மையம் வழியாகக் கைமாறிய நிகரத் தொகை 520 கோடி டாலர். பயத்துக்கும் பாக்கிக்கும் நடுவே இவ்வளவு தூரம். யார் யாருக்கு எவ்வளவு என்ற ஒரு பொதுப் பதிவேடு மட்டும் அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்திருந்தால், எத்தனை பேருடைய ஓய்வூதியச் சேமிப்பு அந்த வாரத்தில் கரையாமல் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சந்தேகம் விலையாக மாறும் இடம் கட்டாய விற்பனை. லேமன் போன்றவை சொந்தப் பணம் ஒரு டாலருக்குச் சுமார் 30 டாலர் சொத்து வைத்திருந்தன. சொத்து விலை மூன்றரை சதவீதம் இறங்கினால் சொந்தப் பணம் காலி. ஆகவே விலை இறங்க ஆரம்பித்ததுமே விற்றாக வேண்டும். விற்றால் விலை இன்னும் இறங்கும். அதே சொத்தை வைத்திருக்கிற, எந்தத் தவறும் செய்யாத இன்னொரு நிறுவனத்தின் கணக்கிலும் நஷ்டம் ஏறும், அதுவும் விற்கும். இதில் ஒரு கொடுமை: விற்க வேண்டிய கெட்ட சொத்தை யாரும் வாங்குவதில்லை. அதனால் கையில் இருப்பதில் நல்லதை விற்கிறார்கள். வங்கிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டின் நல்ல நிறுவனப் பங்கு, அன்று காலை காரணமே இல்லாமல் விழுவது இதனால்தான்.

அமெரிக்க வங்கி விழுந்தால் டாலர் விழும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2008இல் டாலர் ஏறியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வங்கிகள் டாலரில் கடன் வாங்கி, டாலரில் கடன் கொடுத்திருந்தன. கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்கும்போது கட்டுவதற்கு டாலர் வேண்டும், ஆனால் அவர்களுடைய மத்திய வங்கியால் டாலர் அச்சடிக்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் டாலரைத் தேடினார்கள். தென்கொரியாவின் வோன் அந்த வருடத்தில் நவம்பருக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பிழந்தது. கொரிய வங்கிகள் அமெரிக்க வீட்டுக்கடனில் பெரிதாக மாட்டியவை அல்ல. அக்டோபர் 29 அன்று ஃபெடரல் ரிசர்வ் தென்கொரியா, சிங்கப்பூர், பிரேசில், மெக்சிகோ ஆகிய நான்கு நாட்டு மத்திய வங்கிகளுக்கும் தலா 3,000 கோடி டாலர் வரை மாற்றிக்கொள்ள வழி திறந்தது. இந்த வரிசையில் இடம் கிடைக்காத நாடுகள் தங்கள் கையிருப்பை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது. யாருக்கு அந்தக் கதவு திறக்கும் என்பது பாதி அரசியல், இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஐஸ்லாந்து தனிக் கதை. கிலிட்னிர், லேண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று வங்கிகள், நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போலச் சுமார் பத்து மடங்கு சொத்துக்கு வளர்ந்திருந்தன. 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்றும் விழுந்தன. காப்பாற்ற நினைத்தாலும் அந்த அரசிடம் அதற்கான பலம் இல்லை. லேண்ட்ஸ்பாங்கியின் ஐஸ்சேவ் இணையக் கணக்கில் பிரிட்டனில் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் சேமித்திருந்தார்கள். பிரிட்டனின் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் 90 கோடி பவுண்டுக்கு மேல் ஐஸ்லாந்து வங்கிகளில் போட்டிருந்தன. குப்பை அள்ளவும் முதியோரைப் பராமரிக்கவும் வைத்திருந்த பணம், கொஞ்சம் கூடுதல் வட்டிக்காகக் கடல் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டது. பிரிட்டன் தன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி லேண்ட்ஸ்பாங்கியின் சொத்தை முடக்கியது.

சந்தை என்றதும் திரையில் ஓடும் எண்கள்தான் நினைவுக்கு வரும். துறைமுகத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சரக்கு போவதற்கு, வாங்குபவரின் வங்கி 'சரக்கு ஏறினால் பணம் உறுதி' என்று எழுதிக் கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம் பல இடங்களில் தேவை, எல்.சி. என்று வணிகர்கள் சொல்வது. விற்பவரின் வங்கி அந்தக் கடிதம் கொடுத்த வங்கியையே நம்பாவிட்டால்? கப்பல் கரையிலேயே நிற்கும். மொத்தச் சரக்குக் கப்பல் வாடகையைக் காட்டும் பால்டிக் உலர்சரக்குக் குறியீடு 2008 மே மாதம் 11,793 என்ற உச்சத்தில் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் 663. தேவை விழுந்ததுதான் பெரும் காரணம், ஆனால் கடிதத்தை நம்ப ஆளில்லாததும் அதில் சேர்ந்திருந்தது. 2009இல் உலக வணிகத்தின் அளவு சுமார் 12 சதவீதம் சுருங்கியது.

இவையெல்லாம் கணினி யுகத்தின் நோய் என்று நினைத்தால், 1931ஐப் பார்க்கலாம். மே மாதம் வியன்னாவில் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி தன் நஷ்டத்தை வெளியே சொன்னது. ஆஸ்திரியாவின் மிகப் பெரிய வங்கி, ரோத்ஷைல்டு குடும்பத்தின் வங்கி. இதுவே விழுமென்றால் வேறு எது நிற்கும் என்ற கேள்வி ஹங்கேரிக்குப் போனது, அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனது. ஜூலை 13 அன்று பெர்லினின் டனாட் வங்கி கதவைத் திறக்கவில்லை. ஜெர்மனியில் மாட்டிக்கொண்ட பணம் பெரும்பகுதி லண்டனுடையது என்று தெரிந்ததும், லண்டனிலிருந்து தங்கம் வெளியேறியது. செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், பவுண்டைத் தங்கத்தோடு கட்டி வைத்திருந்த தங்க அளவையையே கைவிட்டது. அடுத்தது டாலர்தான் என்று எல்லோரும் டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்டார்கள். தங்கத்தைக் காப்பாற்ற அக்டோபரில் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஒன்றரையிலிருந்து மூன்றரை சதவீதத்துக்கு ஏற்றியது, பெருமந்தத்தின் நட்டநடுவில். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் வங்கிகள் சரிந்தன.

வியன்னாவில் ஒரு வங்கி தப்புக் கணக்குப் போட்டது. ஐந்தே மாதத்தில் அயோவாவில் ஒரு விவசாயியின் சேமிப்பு போயிற்று. இருவருக்கும் நடுவே எந்த ஒப்பந்தமும் கிடையாது. எல்லா நாட்டு நாணயமும் ஒரே தங்கத்தில் கட்டப்பட்டிருந்ததால், சந்தேகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து போனது.

சில சமயம் மருந்தே அடுத்த அதிர்ச்சியைத் தரும். 2023இல் அமெரிக்கப் பீதி அட்லாண்டிக்கைத் தாண்டியபோது, ஏற்கனவே காய்ச்சலில் கிடந்த கிரெடிட் சூயிஸ் மாட்டிக்கொண்டது. 1856இல் தொடங்கிய சுவிட்சர்லாந்து வங்கி. 2022 கடைசி மூன்று மாதத்தில் மட்டும் வாடிக்கையாளர்கள் 11,000 கோடி ஃபிராங்குக்கு மேல் எடுத்துப் போயிருந்தார்கள். மார்ச் 15 அன்று அதன் பெரிய பங்குதாரரான சவுதி நேஷனல் வங்கியின் தலைவர், இனி முதலீடு போட மாட்டோம் என்று ஒரு பேட்டியில் சொன்னார். பங்கு விலை அன்றே கால் பங்கு அளவுக்குச் சரிந்தது. சுவிஸ் மத்திய வங்கி 5,000 கோடி ஃபிராங்க் கடன் தருவதாகச் சொல்லியும் நிற்கவில்லை. 19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, போட்டி வங்கியான யுபிஎஸ் அதை 300 கோடி ஃபிராங்குக்கு எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு வரி இருந்தது. சுமார் 1,600 கோடி ஃபிராங்க் மதிப்புள்ள ஒரு வகைப் பத்திரங்களைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். ஏடி1 என்பார்கள், வங்கி நெருக்கடியில் விழும்போது நஷ்டத்தைத் தாங்குவதற்காகவே வெளியிடப்படுபவை. நஷ்டம் வந்தால் முதலில் பங்குதாரர், பிறகுதான் பத்திரக்காரர் என்பது எல்லோரும் நம்பியிருந்த வரிசை. இங்கே பங்குதாரருக்கு 300 கோடி, பத்திரக்காரருக்கு ஒன்றுமில்லை. பத்திரத்தின் சிறு எழுத்தில் அதற்கு இடம் இருந்தது என்று சுவிஸ் தரப்பு சொன்னது. மறுநாள் காலை ஆசிய வங்கிகள் வெளியிட்ட அதே வகைப் பத்திரங்களும் விழுந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பு அமைப்புகளும் பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியும் 'எங்களிடம் பழைய வரிசைதான்' என்று அவசரமாக அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரு வங்கியைக் காப்பாற்றிய அதே இரவு, எல்லா வங்கிகளுக்கும் மூலதனம் திரட்டும் செலவு கூடிவிட்டது.

இந்த மீட்புகள் எல்லாம் ஞாயிறு மாலையில் அறிவிக்கப்படுவதைக் கவனித்திருக்கலாம். வெள்ளி மாலை நியூயார்க் மூடுகிறது. திங்கள் காலை டோக்கியோ திறப்பதற்குள், யார் வாங்குகிறார், யார் ஈடு தருகிறார் என்று முடிவாகிவிட வேண்டும். பேரிங்ஸை மீட்க லண்டனில் நடந்த முயற்சியும் ஒரு ஞாயிறு இரவில்தான் முறிந்தது. லேமனுக்கும் அப்படித்தான். 2023 மார்ச் 12, ஞாயிறு மாலை, சிலிக்கான் வேலி, சிக்னேச்சர் இரண்டிலும் போட்ட முழுப் பணமும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. வங்கிகள் தங்கள் பத்திரங்களை இறங்கிய சந்தை விலைக்குப் பதிலாக முகமதிப்புக்கே அடமானம் வைத்து ஒரு வருடம் வரை கடன் வாங்கலாம் என்று ஃபெடரல் ரிசர்வ் ஒரு புதிய திட்டம் திறந்தது. அடுத்த ஞாயிறு, ஆறு பெரிய மத்திய வங்கிகள் சேர்ந்து, வாரம் ஒருமுறை தந்துகொண்டிருந்த டாலர் கடனைத் தினமும் தருவதாக அறிவித்தன. இவையெல்லாம் நஷ்டத்தை ஈடுகட்டும் ஏற்பாடுகள் அல்ல. 'அடுத்தது யார்' என்ற கேள்வியைத் திங்கட்கிழமைக்குள் வாயடைக்கும் ஏற்பாடுகள்.

இப்படி ஒவ்வொரு முறையும் காப்பாற்றினால் வங்கி நடத்துபவர்களுக்குப் பயம் விட்டுப்போகாதா என்பது நியாயமான கேள்வி. போகும்தான். லாபம் வரும்போது அவர்களுடையது, நஷ்டம் வரும்போது ஊருடையது என்ற ஏற்பாட்டை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் பாடம் கற்பிக்கிறேன் என்று பீதி நடுவில் ஒரு பெரிய வங்கியை விழவிட்டால், பாடம் படிப்பவர் வேறு யாரோ. லேமன் அதைக் காட்டிவிட்டது. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கறாராக இருக்க வேண்டிய நேரம் அமைதியான காலம். கூடுதல் மூலதனம் கேட்க வேண்டியதும், அடிக்குறிப்பில் தூங்கும் நஷ்டத்தை மேலே கொண்டுவரச் சொல்ல வேண்டியதும் அப்போதுதான். அப்போது கேட்டால் வங்கிகள் எதிர்க்கும், அரசியல்வாதிகளும் அவசரப்பட மாட்டார்கள்.

ஹெர்ஷ்டாட்டிலிருந்து கிடைத்த நல்லவையும் உண்டு. அந்த வருடக் கடைசியிலேயே பத்துப் பணக்கார நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் சேர்ந்து வங்கிக் கண்காணிப்புக்கு ஒரு குழு அமைத்தார்கள். அதுதான் பாசல் குழு. இன்று உலகின் வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைக்க வேண்டும் என்பதற்கு அடிப்படை விதிகள் அங்கிருந்தே வருகின்றன. நாணய மாற்றில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைமாறினால்தான் பரிமாற்றம் செல்லும் என்ற ஏற்பாட்டோடு சிஎல்எஸ் வங்கி 2002இல் வேலையைத் தொடங்கியது. 28 வருடம் எடுத்தது. லேமன் விழுந்த வாரத்தில் அதன் வழியாகப் போன நாணயப் பரிமாற்றங்கள் சிக்கலின்றி முடிந்தன.

ஆனால் பணம் ஓடும் வேகம் இன்னொரு பக்கம் கூடிக்கொண்டே போகிறது. ஃபெடரல் ரிசர்வின் அவசரக் கடன் சாளரம் சிலிக்கான் வேலி வங்கிக்கும் திறந்துதான் இருந்தது. அடமானம் வைக்கப் பத்திரங்களும் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி வேறு கடன்களுக்காக வேறு இடத்தில் ஈடாகக் கிடந்தது. அங்கிருந்து எடுத்து ஃபெடரல் ரிசர்வில் கொண்டுபோய் வைக்கும் வழியை அந்த வங்கி முந்தைய வருடம் முழுக்க ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. வியாழக்கிழமை மாலை அதற்கு ஓடினார்கள். வாடிக்கையாளர்கள் கைபேசியில் 4,200 கோடி டாலரை நகர்த்திய அந்த நாளில், ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் பத்திரங்களை மாற்ற வேலை நேரம் போதவில்லை.